மூன்றாவது குமிழ்

ஒரு நாளைக்கு நாற்பது பேரிடமாவது நான் ஒரே கேள்வியைக் கேட்கிறேன். "ஒண்ணு தெளிவா இருக்கா, ரெண்டு தெளிவா இருக்கா?"

கண்ணாடிக் கடைக்காரனின் பிழைப்பு அப்படி. இருட்டறையில் ஒருவரை உட்கார வைத்து, மூக்கின் மேல் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, அவர் வாயாலேயே பதிலை வாங்கிவிடுவேன். "ரெண்டும் ஒரே மாதிரிதாங்க இருக்கு" என்று மழுப்புகிறவர்களை விடவே மாட்டேன். "நல்லா பாத்துச் சொல்லுங்க. நடுவுல நிக்கக் கூடாது" என்பேன்.

நடுவில் நிற்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பது வாடிக்கையாளர்களுக்குத் தெரியாது. என் மனைவிக்குத் தெரியும்.

அவள் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, நான் சாப்பாட்டு மேசை முழுக்க இரண்டு ரேடியோக்களின் விளக்கத் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, மலைக்கு அந்தப் பக்கம் புதுசா ஒரு கூடம் திறக்கறாங்க. என்னைத் தலைமையா வரச் சொல்றாங்க. ரெண்டு வருஷம்."

"ஓ. நல்ல விஷயம்தானே."

"இங்கேருந்து அஞ்சு மணி நேரம். அங்கயே தங்கணும். பொண்ணும் ஹாஸ்டல்ல இருக்கா. நீங்க தனியாத்தான் இருக்கணும்."

"ம்."

"அடுத்த திங்கக்கிழமை காலைல பதில் சொல்லணும். நீங்க என்ன நினைக்கறீங்க?"

நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். இருபது வருடக் குடும்ப வாழ்க்கையில் எனக்குக் கைகொடுத்து வந்த ஆயுதத்தை எடுத்தேன்.

"உன் இஷ்டம்."

சொல்லி முடித்ததும் எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது. எத்தனை கணவன்மார்கள் இப்படிச் சொல்வார்கள்? அவள் பாராட்டுவாள் என்று பார்த்தேன். அவள் மேசையைக் காட்டி, "இந்த ரெண்டுல எது நல்லதாம்?" என்று கேட்டாள்.

அதற்கு நான் நாற்பது நிமிடம் பதில் சொன்னேன்.

ரேடியோ வாங்க வேண்டிய நிலைமை எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதிலும் என் பெருமைதான் இருக்கிறது. என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், கார் ஓட்டப் பயிற்சி கொடுக்கும் பள்ளி நடத்துகிறார். வார நாளெல்லாம் மற்றவர்களின் காலடியில் பிரேக்கைத் தேடிக்கொண்டிருப்பவர், ஞாயிறு வந்தால் ஜீப்பை எடுத்துக்கொண்டு மலைப் பாதைகளில் ஏறுவார். அவரைப் பார்த்து நானும் ஒரு பழைய ஜீப் வாங்கினேன். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. ஓட்டுகிறவனைத்தான் யாராவது இழுக்க வேண்டும்.

போன தடவை பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் நான் பின்தங்கிவிட்டேன். கைபேசியில் ஒரு கோடுகூட இல்லை. மச்சான் திரும்பி வந்து கண்டுபிடிக்கும்போது மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

"மாப்ள, மூணு மணி நேரமா இங்கயேவா நின்னீங்க? இடது பக்கம் கொஞ்சம் போய்ப் பாத்திருக்கலாம். இல்ல வலது பக்கம் போய்ப் பாத்திருக்கலாம்."

"ரெண்டுக்கும் சரிசமமான காரணம் இருந்துச்சு மச்சான்."

அவர் வானத்தைப் பார்த்தார். "இனிமே ரேடியோ இல்லாம உங்களைக் கூட்டிட்டு வர மாட்டேன்" என்றார்.

சி.பி. ரேடியோ என்பது லாரிக்காரர்கள் வண்டியில் வைத்திருக்கும் பேசும் பெட்டி. எண் அழுத்த வேண்டாம், கோபுரம் வேண்டாம். மைக்கின் பக்கவாட்டில் உள்ள பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். ஏழெட்டுக் கிலோமீட்டருக்குள் அதே சானலில் இருக்கும் எல்லோருக்கும் நாம் பேசுவது கேட்கும். இந்த 'எல்லோருக்கும்' என்ற சொல்லின் மேல் நான் அப்போது போதிய கவனம் செலுத்தவில்லை.

மற்ற எல்லாவற்றின் மேலும் செலுத்தினேன். ஒரு நோட்டுப் புத்தகமே போட்டேன். சின்னப் பெட்டியா, பெரிய பெட்டியா? சின்னது கால் இடிக்காமல் உட்காரும். பெரியதில் பேச்சு தெளிவாக இருக்கும். ஆன்டெனா நெடியதா, குட்டையா? நெடியது தூரம் போகும். குட்டையானது மரக்கிளையில் சிக்காது. பதினெட்டுப் பக்கம் எழுதி, இரண்டு பெட்டிகளுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினால் இரண்டும் அறுபத்தொன்று. கடைசியில் ஒன்று கடையில் தீர்ந்துபோய்விட்டது. இப்படித்தான் நான் தேர்ந்தெடுத்தேன்.

வெள்ளிக்கிழமை அதைப் பொருத்துவதற்கு வயரிங் அக்காவிடம் போனேன். வண்டிகளுக்கு மின்வேலை பார்க்கும் அவரை ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது. மூக்கின் நுனியில் இருக்கும் அவருடைய கண்ணாடி என் கடையில் போட்டது.

"ஆன்டெனா எங்க வைக்கணும் சார்? கூரையிலயா, பின் பம்பர்லயா?"

"அதுல பாருங்க, கூரையில வெச்சா அலை நாலா பக்கமும் சமமா பரவும். ஆனா பம்பர்ல வெச்சா..."

"எங்கேன்னுதானே கேட்டேன். கதை கேக்கலையே."

"ரெண்டுலயும் ஒரு நல்லது, ஒரு கெட்டது..."

அக்கா துளையிடும் கருவியை ஒரு தடவை சும்மா ஓட விட்டார். "ஒண்ணா, ரெண்டா? நல்லா பாத்துச் சொல்லுங்க. நடுவுல நிக்கக் கூடாது."

என் கடைக் கேள்வியை என்னிடமே திருப்பிவிட்ட ஆத்திரத்தில், "கூரை!" என்றேன்.

"சரி. உங்க குடியிருப்புல வண்டி நிறுத்தற இடத்துக்கு வாசல் எவ்வளவு உயரம்?"

அலையின் நீளம் பதினோரு மீட்டர் என்பது எனக்குத் தெரியும். பத்து வருடமாக நுழைந்து வரும் வாசலின் உயரம் தெரியாது. அக்கா பின் பம்பரின் மூலையில், அடியில் ஸ்பிரிங் வைத்து ஆன்டெனாவைப் பொருத்தினார். பேட்டரியிலிருந்து நேராகக் கம்பி இழுத்து, இரண்டு கம்பியிலும் ஃபியூஸ் போட்டு, தகடு வெட்டிவிடாமல் இருக்கத் துளையில் ரப்பர் வளையம் வைத்து உள்ளே கொண்டுவந்தார். பிறகு வண்டியை வெட்டவெளிக்குக் கொண்டுபோய், கதவுகளை எல்லாம் மூடிவிட்டு, ஒரு மீட்டரை இணைத்து முள்ளைப் பார்த்தார்.

"நாம பேசறது ஆன்டெனா வழியா வெளியே போகணும் சார். போகாம திரும்பி வந்தா செட்டு சூடாகிச் செத்துடும்" என்று சொல்லிக்கொண்டே ஆன்டெனாவின் முனைத் திருகை நூலளவு நூலளவாகக் குறைத்தார். நாலாவது தடவை முள் அடங்கியது.

பிறகு பெட்டியின் முன்னால் என்னை உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். "மூணு குமிழ். முதல்ல இருக்கறது வால்யூம். ரெண்டாவது சானல். இந்த மூணாவதுதான் வில்லங்கம். இது இரைச்சலை அடைக்கறதுக்கு. மெதுவா திருகினா ஒரு இடத்துல 'உஸ்'ஸுன்னு வர்ற இரைச்சல் நிக்கும். அங்கயே கையை எடுத்துடணும். அதுக்கு மேல திருகினா மனுஷங்க குரலையும் சேத்து அடைச்சிடும். கொஞ்சம் இரைச்சல் இருந்தா குடி முழுகிடாது, என்ன?"

"தெரியும்க்கா. என் நோட்டுல பதினாலாம் பக்கத்துல இருக்கு."

"நோட்டுல இருக்கறது கைக்கு வரணும் சார்."

எனக்கு இரைச்சல் ஆகாது என்பது அவருக்குத் தெரியாது. வீட்டில் என் மனைவி ஒரு டம்ளர் தண்ணீர் பிடிப்பதானாலும் குழாயைத் திறந்து இரண்டு நிமிடம் ஓடவிட்டுத்தான் பிடிப்பாள். குழாயில் தேங்கி நின்ற தண்ணீர் போய், உண்மையான தண்ணீர் வர அத்தனை நேரம் ஆகுமாம். வேலைப் பழக்கம். வீணாகக் கூடாதென்று அடியில் வாளி வைத்துப் பிடித்துச் செடிக்கு ஊற்றிவிடுவாள். ஒரு நாளைக்கு எட்டு தடவை அந்தச் சத்தம். எட்டு தடவையும் நான் எழுந்துபோய்ச் சமையலறைக் கதவைச் சாத்துவேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று வண்டிகள் கிளம்பின. முன்னால் மச்சான். நடுவில் மச்சானோடு வழக்கமாக மலையேறும் பேக்கரிக்காரரும் அவர் மனைவியும். கடைசியில் நான். என் பக்கத்து இருக்கைக் கதவை நான் திறந்து பிடித்தேன். மனைவி என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.

"நான் அண்ணன் வண்டியில வர்றேன். நீங்க உங்க ரேடியோவோட வாங்க."

"ஏன்?"

"நீங்க ரெண்டு பேரும்தான் ஒரு வாரமா பேசிட்டிருக்கீங்க. நடுவுல நான் எதுக்கு?" போனவள் திரும்பி வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நாளைக்குக் காலைல நான் பதில் சொல்லணும். இன்னிக்கு ராத்திரிக்குள்ள நீங்க ஏதாவது சொல்லுங்க. 'உன் இஷ்டம்'னு மட்டும் சொல்லாதீங்க. என் இஷ்டம் எனக்குத் தெரியும். உங்க இஷ்டத்தைத்தான் கேட்டேன்."

பேக்கரிக்காரர் வந்து ஜன்னல் வழியாக ஒரு பொட்டலத்தை நீட்டினார். "வழிக்கு சார். நேத்து போட்ட கேக்கு." நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன்.

கிளம்புமுன் மச்சான் ரேடியோவில் எல்லோரையும் சரிபார்த்தார். "மாப்ள, கேக்குதா?"

"மிகத் தெளிவாகக் கேட்கிறது. ஓவர்" என்றேன். 'ஓவர்' சொல்வதற்காகவே வாங்கினது போல ஒரு சந்தோஷம்.

முதல் அரை மணி நேரம் ரேடியோ பேசிக்கொண்டே வந்தது. பள்ளம் என்றது, வளைவு என்றது, எங்கோ இரண்டு லாரிக்காரர்கள் டயர் விலையைப் பற்றிச் சண்டை போட்டார்கள். நடுநடுவே 'உஸ்' என்று ஓர் இரைச்சல். எஞ்சின் வேகம் கூடினால் கூடவே ஒரு சீழ்க்கை. நான் மூன்றாவது குமிழை ஒரு நூல் திருகினேன். கொஞ்சம் குறைந்தது. இன்னொரு நூல். வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்ததும் மறுபடி 'உஸ்'. போதும் என்று கடைசிவரை திருகிவிட்டேன்.

அமைதி. என்ன ஓர் அமைதி! தேர்ந்தெடுத்தவனின் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

இருபது நிமிடம் மெச்சினேன். பிறகு பாதை இரண்டாகப் பிரிந்தது. முன்னால் யாரையும் காணோம்.

"மச்சான், இடதா வலதா? ஓவர்." பதில் இல்லை. "மச்சான்?" இல்லை. "பேக்கரி சார்?" இல்லை.

ஈர மண்ணில் டயர் தடம் இடது பக்கம் போயிருந்ததால், வாழ்க்கையில் முதல் தடவையாக மூன்று மணி நேரம் நிற்காமல் இடது பக்கம் திரும்பினேன். இன்னும் நாலைந்து தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. செட்டு செத்துவிட்டது என்று முடிவுக்கு வந்தேன். பதினெட்டுப் பக்கம் எழுதி வாங்கிய செட்டு, இரண்டே நாளில்.

மைக் மட்டும் கையிலேயே இருந்தது. இரவுக்குள் சொல்ல வேண்டிய பதில் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அவள் முகத்துக்கு நேராக நின்றால் என் வாயில் 'உன் இஷ்டம்' தவிர எதுவும் வராது என்று எனக்குத் தெரியும். செத்த மைக்கிடம் ஒத்திகை பார்த்தால் என்ன? பொத்தானை அழுத்தாமல் மைக்கைப் பிடித்தால் மேடைப் பேச்சாளருக்குச் சோடா இல்லாதது போல இருந்தது. அழுத்தினேன்.

"பாரு, உன் வாழ்க்கையில இது ஒரு மைல்கல். ஒரு கணவன்ங்கற முறையில நான் பெருமிதம் அடையறேன். உன் பணி மேன்மேலும் சிறந்து விளங்க..." நிறுத்தினேன். பூமாலை ஒன்றுதான் பாக்கி. பணி ஓய்வு விழாவில்கூட இவ்வளவு மோசமாகப் பேச மாட்டார்கள்.

இரண்டாவது தடவை வேறு மாதிரி முயன்றேன். "போகாதே. நான் ஒண்டியா என்ன பண்ணுவேன்? கேஸ் தீந்தா யாருக்குச் சொல்லணும்னுகூட எனக்குத் தெரியாது. முதுகு வலி வேற. என் சாக்ஸ் எங்க இருக்குன்னு உனக்குத்தானே தெரியும்?" சீ. இது மனைவியை இருக்கச் சொல்வதா, வீட்டு வேலைக்கு ஆள் தேடும் விளம்பரமா?

தெம்புக்கு ஒரு வாய் கேக் போட்டுக்கொண்டேன். பொத்தானிலிருந்து விரலை எடுத்தேனா என்பது நினைவில்லை. எடுக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. "ஐயோ, மரத்தூள்! இந்த மனுஷன் மாவை எங்க வாங்கறாரு, தச்சுப் பட்டறையிலயா?" அதே நேரம் மேட்டில் வண்டி குலுங்கி நின்றது. மச்சான் குரலை எடுத்துக்கொண்டு என்னையே திட்டினேன். "கிளட்ச்! மாப்ள, கிளட்ச்! ஊருக்கே ஓட்டக் கத்துக் கொடுக்கறாராம். அவர் வண்டியில சொட்டை விழாத இடம் ஸ்டியரிங் ஒண்ணுதான்."

வண்டியை மறுபடி கிளப்பவில்லை. மூன்றாவது தடவை பேசியது ஒத்திகையாகத் தொடங்கவே இல்லை.

"உன் இஷ்டம்னு சொன்னது பெருந்தன்மை இல்ல. பயம். போன்னு சொன்னா நீ போயிடுவே. போகாதேன்னு சொன்னா நின்னுடுவே. ரெண்டையும் என்னால தாங்க முடியாது. போன வருஷம் நீ பயிற்சிக்குப் போனியே, பத்து நாள்? நாலாவது நாள் சமையலறையில குழாயைத் திறந்து விட்டுட்டு பக்கத்துல உக்காந்திருந்தேன். ரெண்டு நிமிஷம். நீ உள்ளே இருக்கற மாதிரி இருந்துச்சு. கதவைச் சாத்தற ஆள் நான்தான். இதை உன்கிட்ட எப்படிச் சொல்றது? நீ போகணும். உன்னை விட்டா அந்த வேலைக்கு யாரு இருக்கா? போ. ஆனா நீ இல்லைன்னா எனக்கு வீடு வீடா இருக்காது. இதுல எது என் இஷ்டம்னு கேட்டா... ரெண்டும்தான். நடுவுல நிக்கலை, ரெண்டு பக்கமும் நிக்கறேன்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பழக்க தோஷத்தில், "ஓவர்" என்றேன். ரேடியோ அமைதியாக இருந்தது.

கால் மணி நேரம் கழித்து மேட்டின் மேல் ஒரு தேநீர்க் கடை வந்தது. வாசலில் மச்சானின் ஜீப், பேக்கரிக்காரரின் ஜீப், பக்கத்தில் ஒரு லாரி. நான் இறங்கியதும் அங்கே பேச்சு நின்றது.

"என் செட்டு போயிடுச்சு மச்சான்" என்று வருத்தமாக ஆரம்பித்தேன். "ஒரு சத்தமும் வரலை."

பேக்கரிக்காரர் தட்டை நீட்டினார். முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

"மரத்தூள் ஒரு துண்டு எடுத்துக்கறீங்களா சார்?"

அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். எனக்கு ஏதோ புரிவது போல இருந்தது. புரிய வேண்டாம் என்றும் இருந்தது. அதற்குள் லாரிக்காரர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தார். நான் முன்பின் பார்த்திராத ஆள்.

"நீங்கதான் அந்த உன் இஷ்டம் சாரா?" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மூணுல எதுன்னு கேட்டா, மூணாவதுதான் சார். சந்தேகமே இல்லை. முதல்ல பேசினது ஏதோ கூட்டத்துல பேசற மாதிரி இருந்துச்சு. ரெண்டாவது கேட்டு எனக்கே கோவம் வந்துச்சு. மூணாவது, வண்டியை ஓரங்கட்டி நிறுத்திட்டேன்."

கண் பரிசோதனையில் இவ்வளவு திட்டவட்டமாகப் பதில் சொன்னவர் யாரும் கிடையாது.

மச்சான் என் ஜீப்புக்குள் கையை விட்டு மூன்றாவது குமிழைப் பின்னால் திருகினார். 'உஸ்' என்று இரைச்சல் பொங்கியது. அதன் நடுவே யாரோ ஒரு தூரத்துக் குரல், "அந்த சார் கடைக்கு வந்து சேந்துட்டாரா?" என்று விசாரித்தது.

"செட்டு நல்லாத்தான் இருக்கு மாப்ள. நீங்கதான் காதை மூடிட்டு வந்திருக்கீங்க. தொண்டை கிழியக் கத்தினோம், 'கேக்குது, கேக்குது, நிறுத்துங்க'ன்னு." பக்கத்தில் நின்ற தன் ஜீப்பின் சொட்டை ஒன்றைத் தடவிக்கொண்டார். "ஸ்டியரிங்லயும் ஒண்ணு இருக்கு. நீங்க பாக்கலை."

"அவ எங்க?"

கடைக்குப் பக்கவாட்டில் தலையசைத்தார்.

அவள் குழாயடியில் நின்றிருந்தாள். கையில் வெற்றுப் புட்டி. அடியில் கடைக்காரரின் வாளி. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு நிமிடம் ஆகவில்லை போலும். நான் பக்கத்தில் போய் நின்றேன். சாத்துவதற்குக் கதவு ஏதுமில்லை.

"எல்லாம் கேட்டுச்சா?"

"சாக்ஸ் உட்பட."

"நீ... ஏதாவது சொன்னியா?"

"சொன்னேனே. நீங்க 'ஓவர்'னு சொன்னதும் நான்தான் மைக்கை வாங்கினேன். பத்து நிமிஷம் பேசினேன். அண்ணன் கேட்டார், பேக்கரிக்காரர் வீட்டம்மா கேட்டு அழுதாங்க, அந்த லாரிக்காரர் கேட்டார்."

"எனக்குக் கேக்கலையே!"

"அதான் இருபது வருஷமா நடக்குது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மறுபடி சொல்லேன்."

"மாட்டேன். அதெல்லாம் ஒரு தடவைதான் வரும்."

புட்டியை நிரப்பிக்கொண்டு போய்விட்டாள். நான் கடைக்கு வந்து, வெட்கத்தை விட்டு, அவள் என்ன சொன்னாள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். "வீட்டு விஷயம் சார், நாங்க எப்படிச் சொல்றது?" என்றார் பேக்கரிக்காரர். அவர் மனைவிக்கு மறுபடி கண் கலங்கியது, அவ்வளவுதான். லாரிக்காரர், "நல்ல சம்சாரம் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். என் மனைவி எனக்குச் சொன்ன பதில் அந்த மலையில் எல்லோரிடமும் இருந்தது, என்னைத் தவிர.

திரும்பும்போது அவள் அண்ணனின் சாவியை வாங்கிக்கொண்டாள். "அண்ணா, நீங்க பேக்கரி வண்டியில ஏறிக்கோங்க. நான் ஓட்டறேன்." அவள் என்னைவிட நன்றாக ஓட்டுவாள், என்னைவிட நன்றாக ஓட்டுவது சாதனை ஒன்றுமில்லை. தனியாக முன்னால் போனாள். நான் பின்னால் போனேன்.

மூன்றாவது குமிழை இடது கோடிக்குத் திருகி வைத்திருந்தேன். இரைச்சல் காதைத் துளைத்தது. சீழ்க்கை, லாரிகள், எஞ்சின், எங்கோ ஒரு மின்னல். எதையும் அடைக்கத் தைரியம் வரவில்லை. இரைச்சலுக்குள் காதை நுழைத்துக்கொண்டு ஏழு வளைவு இறங்கினேன். எட்டாவது வளைவில் அவள் குரல் வந்தது.

"பதினேழாவது சானலுக்கு வாங்க."

மாற்றினேன். "வந்துட்டேன். ஓவர்."

"ஓவரெல்லாம் வேண்டாம்." கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும். "முதல்ல நீங்க பேசினப்ப, வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்தே வீட்டுக்குப் போயிடலாமான்னு இருந்துச்சு. ரெண்டாவது பேசினப்ப, நாளைக்கு வேண்டாம், இன்னிக்கே போயிடலாம்னு இருந்துச்சு."

"மூணாவது?"

"என்னைப் பேச விடுங்க. நான் பேசிட்டிருக்கேன்."

விட்டேன்.

"போறதுன்னு நான் போன வாரமே முடிவு பண்ணிட்டேன். நீங்க சொல்லித்தான் போகணும்னு இல்லை. நான் போனா இந்த வீட்டுல யாருக்காவது தெரியுமான்னுதான் தெரியணும்னு இருந்துச்சு. தெரிஞ்சுடுச்சு." மறுபடி இரைச்சல். "நாளைக்கு சரின்னு சொல்லப் போறேன். ஆனா போறேன்னு சொல்லலை. போயிட்டு வரேன்னு சொல்றேன். இப்ப நீங்க பேசுங்க."

ஒண்ணா, ரெண்டா? எனக்கு மட்டும் கேட்கும்படி யாரோ கேட்டது போல இருந்தது. பொத்தானை அழுத்தினேன். இந்தத் தடவை எதிர்முனையில் ஆள் இருக்கிறது என்று தெரிந்தே அழுத்தினேன்.

"போயிட்டு வா. ஒண்ணு விட்டு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் கடையைச் சாத்திட்டு அங்க வந்துடறேன். இது உன் இஷ்டம் இல்லை. என் இஷ்டம்."

"கேக்கலை. இரைச்சலா இருக்கு."

மறுபடி சொன்னேன்.

"இன்னும் கேக்கலை."

மூன்றாவது தடவை கத்தினேன். அவள் பதில் சொல்வதற்குள் இன்னொரு குரல் தொண்டையைச் செருமிக்கொண்டு குறுக்கே வந்தது.

"எனக்கே நல்லா கேக்குது. அவளுக்குக் கேக்கலையாம்!"

"அண்ணா! நீங்க எப்ப பதினேழுக்கு வந்தீங்க?"

"நான் எங்க வந்தேன்? பேக்கரிக்காரர் வீட்டம்மாதான் திருப்பினாங்க."

அவள் சிரித்தாள். இரைச்சலோடு சேர்ந்து வந்த சிரிப்பு. ஒரு நூல் திருகினால் இரைச்சல் போயிருக்கும். நான் திருகவில்லை.

இப்போது ஐந்து மாதம் ஆகிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மலையைத் தாண்டுகிறேன். கேஸ் தீர்ந்தால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. சாக்ஸ் விஷயத்தில் இன்னும் முன்னேற்றம் இல்லை. அவள் குடியிருக்கும் மாடியின் கைப்பிடிச் சுவரில் வயரிங் அக்கா வந்து ஓர் ஆன்டெனா கட்டிக்கொடுத்திருக்கிறார். எங்கே கட்டுவது என்று என்னை யாரும் கேட்கவில்லை. கடைசி மேட்டில் ஏறியதும், அவள் இருக்கும் ஊர் ஏழெட்டுக் கிலோமீட்டருக்குள் வந்துவிடுகிறது. அங்கே வண்டியை மெதுவாக்கி, மூன்றாவது குமிழை இடது கோடிக்குத் திருகி, பதினேழில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன்.

போன வெள்ளிக்கிழமை முதலில் வந்தது ஒரு லாரிக்காரரின் குரல். "உன் இஷ்டம் சார், மூணாவது வளைவுல மண் சரிஞ்சிருக்கு. பாத்து வாங்க." இந்த மலையில் எனக்கு வேறு பெயர் இல்லை.

கொஞ்ச நேரம் வெறும் 'உஸ்'. பிறகு அதற்குள்ளிருந்து இன்னொரு சத்தம் மெல்லப் பிரிந்து வந்தது. மைக்கைக் குழாய்க்குப் பக்கத்தில் பிடித்திருக்கிறாள். தண்ணீர் வாளியில் விழுந்துகொண்டிருந்தது.

"ரெண்டு நிமிஷம் ஆகப் போகுது" என்றாள். "எங்க வந்துட்டிருக்கீங்க?"